வாசலில் குளிர், பெட்டிக்குள் இரைச்சல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியது. தை, மாசி மாதங்களில் விடியற்காலைப் புல்வெளியில் துகள் உறைபனி படியும். இப்படிப்பட்ட ஓர் இடத்தில் வீட்டுக் கணினி சூடாகி, அதன் விசிறி முழு வேகத்தில் சுற்றி, அறையில் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டி வந்தால் அதை இயல்பென்று விட்டுவிடக் கூடாது. கொழும்பில் அதே பெட்டி இரைந்தால் வெயிலைக் காரணம் சொல்லலாம். மலையகத்தில் அந்தச் சாக்கு எடுபடாது. இங்கே குளிர்காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அந்தக் காற்று பெட்டிக்குள் இருக்கும் சிப்பைச் சென்றடையாதபடி வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. அடைப்பை நீக்கினால் சூடும் இறங்கும், சத்தமும் இறங்கும். அதற்குப் புதிய விசிறியோ விலை கூடிய குளிரூட்டியோ பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வேலையைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுக்கலாம், கற்றுக் கொடுக்கவும் வேண்டும் என்பது என் வாதம்.

சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று கேட்பவர்கள் தோட்டக் குடியிருப்பின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய லயத்தில், அதாவது தோட்ட வரிசைவீட்டில், ஒரு காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. படிக்கும் மேசையும் படுக்கும் பாயும் அதே அறைக்குள்தான். உயர்தரப் பரீட்சைக்கு இரவு பதினொரு மணி வரை கணினியில் உட்காரும் பிள்ளைக்கு நாலடி தள்ளி, விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டிய தாய் தூங்குகிறாள். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டி, படுக்கையறைக்கு 30 டெசிபல், வகுப்பறைக்கு 35 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. தூசு அடைத்த பழைய டெஸ்க்டொப்பின் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது ஒரு மீற்றர் தூரத்தில் 45 டெசிபலைத் தாண்டுவது அரிதல்ல. தனியறை உள்ள வீட்டில் கதவைச் சாத்தினால் முடிந்துபோகும் பிரச்சினை, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்திய உதவியில் எழுந்த 550 சதுர அடி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் பெருந்தொகையானோர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். அங்கே வகுப்பறைக்கும் படுக்கையறைக்கும் இடையில் சுவர் கிடையாது.

இந்தக் கணினிகள் எங்கிருந்து வந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி ஒரே நாளில் திரைக்கு இடம்பெயர்ந்தது. அதுவரை கணினியைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் மட்டும் கண்ட குடும்பங்களும் கடன்பட்டாவது ஒன்றை வாங்க முயன்றன. அடுத்து வந்தது 2022. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயம் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதிய கணினி சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போனது. மிஞ்சியது பாவித்த கணினி. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களிலிருந்தும், அங்கிருந்து வாங்கி விற்கும் மலையக நகரக் கடைகளிலிருந்தும் வருகின்ற, அலுவலகங்களில் பல வருடம் உழைத்து ஓய்ந்த டெஸ்க்டொப்புகள் இவை. இவற்றில் குறையொன்றும் இல்லை. நல்ல உலோகப் பெட்டி, நல்ல மதர்போர்ட். ஆனால் உள்ளே இருக்கும் விசிறியின் எண்ணெய் வற்றியிருக்கும், பிரொசெசருக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பசை காய்ந்திருக்கும். குளிரூட்டிய அலுவலகத்தின் சுத்தமான காற்றில் இருந்த பெட்டி நேராக விறகடுப்புப் புகைக்குள் வந்து உட்காருகிறது.

விசிறி ஏன் இரைகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. விசிறியின் வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே 5 டெசிபல் அளவுக்குப் போய்விடும். 10 டெசிபல் இறங்கினால் மனிதக் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டதாகத் தோன்றும். காற்றில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் அமைதியில் நிறையக் கிடைக்கிறது என்பது இதன் பொருள். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க முடியாமல் தடுப்பது எது என்பதுதான் கேள்வி. பிரொசெசரின் சூடு ஏறும்போதெல்லாம் மதர்போர்ட் விசிறிக்கு வேகத்தைக் கூட்டச் சொல்கிறது. காற்று போகும் வழி திறந்திருந்தால் கொஞ்ச வேகமே போதும். அடைபட்டிருந்தால் எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது. ஆகவே விசிறி உச்ச வேகத்திலேயே நின்றுவிடும். ஏழு இதழ் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 2,400 தடவை சுற்றினால் 280 ஹெர்ட்சில் ஒரு முனகல் எழும். விடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும் முனகலைக் காதால் ஒதுக்கித் தள்ள முடியாது.

அடைப்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, பிரொசெசரின் மேலுள்ள விசிறியை விலக்கிப் பார்க்கட்டும். விசிறிக்கும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, வெளியிலிருந்து தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு படலம் நெய்த துணி கணக்காகக் கிடக்கும். தோட்ட வீடுகளில் அதன் ஓரம் பழுப்பாகவும் தொட்டால் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காரணம் விறகுப் புகை. தோட்டப்புறத்தில் பெரும்பான்மையான வீடுகளில் இன்னும் விறகில்தான் சமையல் நடக்கிறது. விறகுப் புகையில் கரித்துகளோடு தாரும் எண்ணெய்ப் பசையும் கலந்திருக்கின்றன. உலோகத்தில் பட்டதும் அவை ஒட்டிக்கொள்கின்றன. அதன் மேல் கம்பளி நூல், தலைமுடி, சுவரின் சுண்ணாம்புத் தூள் எல்லாம் வந்து சேர்கின்றன. நகரத்து வீட்டுத் தூசை ஊதினால் பறந்துவிடும். இந்தத் தூசை வாயால் ஊதினாலும் சரி, சைக்கிள் பம்பால் அடித்தாலும் சரி, பாதிதான் போகும். மெல்லிய பெயின்ட் தூரிகையும், பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியும் வேண்டும். விசிறி இதழ்களின் விளிம்பில் ஏறியிருக்கும் கரியையும் துடைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஏறிய சமமில்லாத பாரம்தான் அதிர்வாகி மேசை வரை நடுங்குகிறது. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தேயிலையைச் சலிக்கும்போது எழும் மெல்லிய பஞ்சுத் தூசு தகடுகளின் இடுக்கில் போய் இறுகிக்கொள்ளும்.

விசிறி போதவில்லை, இன்னொன்று போடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். அந்த யோசனை ஏன் சரிப்படாது என்பதைத் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் மாடியில் வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே நீண்ட தொட்டிகளில் கம்பிவலையின் மேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறியால் காற்றைச் செலுத்துகிறார்கள். கொழுந்து ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் கிடந்தால் காற்றெல்லாம் மெலிந்த இடத்தாலேயே ஓடிவிடும். தடித்த இடம் ஈரமாகவே கிடக்கும். அதற்காக யாரும் இன்னொரு விசிறி வாங்கப் போவதில்லை, கொழுந்தைச் சமமாக விரித்துவிடுகிறார்கள். கணினிப் பெட்டிக்குள்ளும் காற்று இலேசான வழியைத்தான் தேடும். முன்புறக் கண்ணறைகள் தூசால் மூடியிருந்தால், பின்னால் வைத்த புதிய விசிறி பக்கத்து ஓட்டைகளிலிருந்து காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளும். பிரொசெசர் பக்கம் அது எட்டியும் பார்க்காது. அதே சத்தமுள்ள இரண்டாவது விசிறி சேர்ந்தால் மொத்தச் சத்தம் 3 டெசிபல் ஏறும். காசும் போய், சூடும் இறங்காமல், சத்தமும் கூடிய நிலைதான் மிச்சம். முன்னால் குளிர்காற்று நுழைய வேண்டும், பின்னால் சூடான காற்று வெளியேற வேண்டும், நடுவில் வயர்கள் குறுக்கே தொங்கக் கூடாது. வயர்களை ஒதுக்கிக் கட்டுவதற்கு ஒரு துண்டு நூல் போதும்.

பெட்டி இருக்கும் இடமும் இதே கணக்கில் சேரும். கணினி மேசையின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த பொந்துக்குள் பெட்டியைத் தள்ளி வைப்பது வழக்கம். அங்கே வெளியேறிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறது. அறையில் 16 பாகை இருந்தாலும் பெட்டி மூச்செடுக்கும் காற்று 30 பாகையாக இருக்கலாம். மலைக்குளிர் முழுவதும் வீண். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில், அடுப்படிக் கதவுக்கு எதிரே படாமல் வைத்தால் அதுவே பாதி வைத்தியம்.

அடுத்தது பசை. பிரொசெசரின் உச்சியும் ஹீட்சிங்கின் அடியும் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் உள்ளவை. அந்த இடைவெளியில் காற்று நின்றால் சூடு கடக்காது. அதை நிரப்பத்தான் தேர்மல் பேஸ்ட் எனும் பசை. பல வருடம் ஓடிய கணினியில் இது சுண்ணாம்பாகக் காய்ந்து உதிரும். பழையதை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவுக்குப் புதிய பசை வைத்து ஹீட்சிங்கை அழுத்தினால் போதும். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைப்பது தவறு; மிகையான பசை சூட்டைத் தடுக்கும். இன்டெல் பிரொசெசர்களோடு வரும் வட்ட ஹீட்சிங்கை நான்கு பிளாஸ்டிக் ஆணிகள்தான் மதர்போர்டில் பிடித்து வைத்திருக்கின்றன. கொழும்பிலிருந்து கினிகத்தேனை வளைவுகள் வழியாக பஸ்ஸின் பின்சீட்டில் குலுங்கி வரும் பெட்டியில் இந்த நான்கில் ஒன்று கழன்றுவிட்டால் ஹீட்சிங் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிரொசெசர் உடனே நூறு பாகையை நோக்கி ஏறும், விசிறி அலறும். வாங்கியதிலிருந்தே இப்படித்தான் இரைகிறது என்று சொல்லப்படும் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த நான்கு ஆணிகளைத்தான். விரலால் அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு உட்காரும்.

வழி திறந்து, பசையும் மாற்றிய பிறகுதான் விசிறியின் வேகத்தில் கை வைக்க வேண்டும். வரிசை முக்கியம், அடைப்பை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் சிப்பு வெந்துபோகும். கணினி திறக்கும்போது வரும் பயோஸ் திரையில் விசிறிக்கான அமைப்பு பெரும்பாலான மதர்போர்டுகளில் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு உலகின் எந்தக் கோடையையும் சமாளிக்கும்படி செய்யப்பட்டது. ஹட்டன் போன்ற மலை நகரை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை. அதை அமைதி நிலைக்கு மாற்றலாம். 60 பாகை வரை விசிறி மெதுவாகவே சுற்றும்படி வைக்கலாம். சூடு சட்டென்று ஏறி இறங்கும்போது விசிறியும் கூடவே ஏறி இறங்காமல் சில விநாடி தாமதிக்கச் சொல்லும் வசதியும் பலவற்றில் இருக்கிறது. ஒரே சீரான சத்தத்தைவிட ஏறி இறங்கும் சத்தமே தூங்குபவரை எழுப்பும் என்பதால் இந்தத் தாமதம் பெரிய உதவி. விண்டோசின் மின்சார அமைப்பில் பிரொசெசரின் உச்ச அளவு 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக்கினால், பெரும்பாலான இன்டெல் கணினிகளில் பிரொசெசர் தன் இயல்பு வேகத்துக்கு மேல் எகிறுவது நின்றுவிடும். அந்த எகிறலில்தான் சூடு கூடுதலாகப் பிறக்கிறது. கட்டுரை தட்டச்சு செய்யவும், ஸூம் வகுப்புக்கும், பழைய வினாத்தாள் பார்க்கவும் அந்த எகிறல் தேவையே இல்லை. கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். விடயம் தெரிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு உயரத்தைப் பற்றியது. மலையில் காற்று அடர்த்தி குறைவு, ஆகவே விசிறி எவ்வளவு சுற்றினாலும் குளிர்ச்சி போதாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. நுவரெலியாவின் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்று இறுகியிருப்பதால் அடர்த்தியில் வரும் இழப்பு ஆறில் ஒரு பங்கு அளவில் நிற்கும். ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். கொழும்பில் அறைச்சூட்டுக்கு மேல் 40 பாகை ஏறும் ஒரு பிரொசெசர், அடர்த்தி குறைந்த காற்றில் 45, 46 பாகை ஏறலாம். அதாவது ஐந்தாறு பாகை நட்டம். அதேவேளை கொழும்பின் சராசரி 27, 28 பாகை, நுவரெலியாவில் 16. பதினொரு பாகை இலாபம். கழித்துப் பார்த்தால் மலைக்கே வெற்றி. சுமார் 1,270 மீற்றரில் உள்ள ஹட்டனில் குளிர் கொஞ்சம் குறைவு, காற்றின் அடர்த்தி கொஞ்சம் அதிகம், முடிவு மாறாது. வன்தட்டுகளைச் செய்பவர்களும் வழக்கமாக 3,000 மீற்றர் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான்.

மூடுபனியைப் பற்றிய பயம் இன்னும் பரவலானது. ஜன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வரும் ஊரில் பெட்டிக்குக் காற்றுவழி திறப்பது ஆபத்தில்லையா என்று கேட்கிறார்கள். நீர்த்துளி படிவது, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருளின் மேல்தான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்புறம் அறையைவிடச் சூடானது. அதில் பனி படிய வழியில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரவு முழுவதும் அணைந்து கிடந்து உலோகம் சில்லிட்ட பெட்டிக்குள், விடியற்காலையில் சோற்றுப் பானையின் ஆவி புகுந்தால் துளி படியும். அந்த நேரத்தில் கணினியைப் போடாமல், ஆவி அடங்கி அரைமணி நேரம் கழித்துப் போடுவது பாதுகாப்பு. ஈரம் ஏறிய தூசு மின்சாரத்தைக் கசியவிடும், இணைப்புகளை அரிக்கும். ஆகவே ஈரப்பதனுக்குப் பயப்படுபவர்களே முதலில் தூசைத் துடைக்க வேண்டியவர்கள். மழை மாதங்களில் கணினியைப் பொலித்தீனால் போர்த்தி மூலையில் வைப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவது அதை உலர்வாக வைத்திருக்கும்.

இதோடு சேர்ந்த ஒன்று: குளிர்கால விடியலில் கணினியைப் போட்டதும் விசிறி கறகறவென்று அரைத்து, பத்து நிமிடத்தில் தானாக அடங்குவதைப் பலர் கவனித்திருப்பார்கள். அச்சில் உள்ள எண்ணெய் குளிரில் தடித்துப் போவதும், மிச்சமிருக்கும் எண்ணெய் குறைவாக இருப்பதும்தான் காரணம். அந்த விசிறிக்கு மட்டும் தூரிகை உதவாது. அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பெட்டி இடம் கொடுத்தால் 80 மில்லிமீற்றர் விசிறிக்குப் பதிலாக 120 மில்லிமீற்றர் விசிறியாகப் போடுவது நல்லது. பெரிய இதழ் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். சில கம்பனி டெஸ்க்டொப்புகளில் விசிறியின் இணைப்பு முனை வழக்கமான நான்கு ஊசியாக இல்லாமல் வேறாக இருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது விசிறிச் சத்தம் யாருக்குக் கேட்கும் என்று சிலர் சிரிப்பார்கள். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கூரைகளின் கீழ் பேச்சே கேட்காது. உண்மைதான். ஆனால் மழை நின்ற இரவுகளும் உண்டு, க.பொ.த. சாதாரண தரப் பிள்ளை படிப்பது அந்த இரவுகளிலும்தான். கூரைச் சத்தத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காகத் தவிர்க்கக்கூடிய இன்னொரு சத்தத்தையும் அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மலையகத்தில் மட்டுமில்லை, எங்கும் இருக்கிறது. கழற்றினால் பிரொசெசரின் சூடு சில பாகை இறங்குவதும் உண்டு. ஆனால் அது பெட்டியின் நோயைக் காட்டும் சோதனை, வைத்தியம் கிடையாது. தகட்டைக் கழற்றியதும் பத்துப் பாகை இறங்கினால் முன்புற வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்; அதைத் திறந்துவிட்டுத் தகட்டை மறுபடி பூட்ட வேண்டும். திறந்த பெட்டியில் வன்தட்டின் மீதும் மதர்போர்டின் மீதும் ஒழுங்காகப் போக வேண்டிய காற்று திசை தவறுகிறது, புகை நேராக உள்ளே இறங்குகிறது, கரப்பானும் பல்லியும் குடிவருகின்றன, சத்தத்தை மறிக்க இருந்த ஒரே தகடும் இல்லாமல் போகிறது.

பணம் உள்ளவர்கள் தண்ணீர்க் குளிரூட்டி வாங்கலாமே என்பார்கள். பல்லாயிரம் ரூபா விலையுள்ள அந்தச் சாதனம் கடும் வேலைக்கான பிரொசெசர்களுக்கு உரியது. அதிலும் பம்ப் ஒன்றும் விசிறிகளும் இருக்கின்றன. தூசும் அதன் தகடுகளை அடைக்கத்தான் செய்யும். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இத்தனை போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த அந்தச் சம்பளத்தின் பல நாட்களை, ஒரு தூரிகையும் ஒரு சின்னக் குழாய் பசையும் செய்யக்கூடிய வேலைக்காகக் கேட்பது அநியாயம். கையிருப்பில் கொஞ்சம் பணம் இருந்தால் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. போடுவது மேல். சுற்றும் தட்டு இல்லாததால் அதன் சத்தம் அடியோடு போகும், கணினியும் வேகமாகும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. கூரை ஒழுகும் லயத்தில், காணி உரிமை கிடைக்காத மக்களிடம் கணினி விசிறியைப் பற்றிப் பேசலாமா? இந்தக் கேள்விக்கு முன்னால் நான் தயங்காமல் இல்லை. ஆனால் வசதி குறைந்த வீட்டில்தான் ஒரு பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டியிருக்கிறது. மதர்போர்டிலும் மின்வழங்கியிலும் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், சூடு 10 பாகை குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய விதி. கடனில் வாங்கிய கணினி மூன்று வருடத்தில் எரிந்துபோவதா, தம்பி தங்கை உயர்தரம் முடிக்கும் வரை ஓடுவதா என்பதைப் பெட்டிக்குள் ஓடும் காற்று தீர்மானிக்கிறது. தொலைபேசி போதாதா என்பவர்களுக்கும் இதுவே பதில்: தொலைபேசியில் பாடத்தைப் பார்க்கலாம், ஆனால் கணக்கேடு தயாரிக்கவும் நிரல் எழுதவும் விண்ணப்பக் கடிதம் அமைக்கவும் விசைப்பலகையும் பெரிய திரையும் வேண்டும். வீடும் காணியும் கேட்டுப் போராடும் அதே மக்கள் தங்கள் பிள்ளைகளின் மேசையில் அமைதியையும் கேட்கலாம். ஒன்று கிடைக்கும் வரை மற்றதை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

திறந்தால் பழுதாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் இது தனித்தனி வீடுகளின் துணிச்சலுக்கு விடப்படாமல், கற்பிக்கப்பட வேண்டிய கைவேலையாக இருக்க வேண்டும் என்கிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுவது, வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குவது, ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது, மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காமல் வெளியிலிருந்து மட்டும் தூசு தட்டுவது ஆகியவையே அதன் முதல் பாடங்கள். மின்வழங்கியின் மின்தேக்கிகள் பிளக்கைக் கழற்றிய பின்னும் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்னைச் சேர்த்து வைத்திருக்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பாடமாக இருக்கும் பாடசாலைகளில் மதர்போர்டின் படத்தை வரைந்து பெயர் குறிக்கிறார்கள்; ஆய்வுகூடத்தில் மூடிக் கிடக்கும் பழைய கணினி ஒன்றைத் திறந்து தூசு தட்டப் பெரும்பாலும் வாய்ப்பு இருப்பதில்லை. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கணினி வன்பொருளுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அங்கே பயிலும் இளைஞர்கள் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் தவணை விடுமுறைகளில் ஒவ்வொரு தோட்டப் பிரிவின் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒரு நாள் உட்கார்ந்தால், அந்தப் பிரிவின் கணினிகள் எல்லாவற்றையும் திறந்து துடைத்துப் பூட்டிவிடலாம், பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைகள் அடுத்த தவணைக்குள் தாங்களே செய்யப் பழகிவிடுவார்கள். வேண்டியது சில தூரிகைகள், ஒரு போத்தல் ஸ்பிரிட், சில குழாய் பசை, ஒரு நீண்ட மேசை. அதிபர்களும் தோட்ட நிர்வாகங்களும் வரும் டிசம்பர் விடுமுறைக்கே மண்டபச் சாவியைக் கொடுக்க முன்வர வேண்டும்.